பன்னிரண்டாம் நாளைத் தாண்டிய குஞ்சுகள்

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே உம்மு சல்மா போட்ட சத்தம், அடுத்த அறையில் தொட்டி கழுவிக்கொண்டிருந்தவர்கள் வரைக்கும் கேட்டது.

"பிரசாந்தி! சீக்கிரம் வாங்க! பிடிச்சிருச்சு! பிடிச்சதை விடவே மாட்டேங்குது லா!"

டாக்டர் பிரசாந்தி காப்பிக் குவளையோடு ஓடிவந்தார். கிராஞ்சிக்கு அப்பால் கடலோரத்தில் இருக்கும் அந்த மீன்குஞ்சுப் பொரிப்பகத்தில் அவர்தான் ஆராய்ச்சிக்குப் பொறுப்பு. உம்மு சல்மா அங்கே குஞ்சுகளுக்கு உயிருள்ள தீனி வளர்ப்பவர். பிரசாந்திக்கு முப்பத்தாறு வயது, உம்மு சல்மாவுக்கு ஐம்பத்திரண்டு. மூன்று மாதமாக இருவரும் ஒரே கவலையைச் சுமந்துகொண்டிருந்தார்கள்.

நுண்ணோக்கியின் அடியில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். அதில் மூன்று ஆக்டோபஸ் குஞ்சுகள். கதவில் ஒட்டிய தாளில் அப்படித்தான் எழுதியிருந்தது. உம்மு சல்மாவுக்கோ அவை பேய்க்கணவாய்தான். நாகூர்க்காரரான அவருடைய வாப்பா சொன்ன சொல் அது. ஒவ்வொரு குஞ்சும் அரிசிக் குருணை அளவு. கண்ணாடி உடம்பில் பழுப்புப் புள்ளிகள் விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தன. கால் ஒன்றுக்கு மூன்றே மூன்று உறிஞ்சிகள். அந்தக் குட்டிக் கால்கள் எட்டாலும் ஒரு குஞ்சு எதையோ இறுகக் கட்டிப்பிடித்திருந்தது. முள் நீட்டிய தலை, பெரிய கறுப்புக் கண், துடிக்கிற வால்.

"நண்டுக்குஞ்சு," என்றார் பிரசாந்தி. பிறகு தலையைத் தூக்கினார். "அக்கா, இது எப்படி உள்ள வந்துச்சு?"

"நான்தான் போட்டேன். கடல் தண்ணி வடிகட்டுற பையைக் கழுவும்போது இதுங்க துள்ளுச்சு. இந்த மூணும் எப்படியும் சாயங்காலம் வரைக்கும் தாங்காது. அதான் தனிக் கிண்ணத்துல விட்டுப் பார்த்தேன். ரூல் தெரியும். திட்டணும்னா அப்புறம் திட்டுங்க, முதல்ல பாருங்க."

வடிகட்டாத தண்ணீர் ஒரு சொட்டுகூடக் குஞ்சறைக்குள் வரக்கூடாது என்பது விதி. நோய் வந்துவிடும். பிரசாந்தி திட்டவில்லை. குனிந்தவர் பத்து நிமிடம் நிமிரவில்லை. காப்பி ஆறிப்போயிற்று. கடைசியில் அந்தக் குஞ்சு கால்களைத் தளர்த்தியது. வெறும் ஓடு கிண்ணத்தின் அடியில் போய் விழுந்தது. உள்ளிருந்த சதை முழுவதையும் உறிஞ்சிவிட்டிருந்தது!

"சாப்பிட்டிருச்சு," என்றார் பிரசாந்தி, நம்பமுடியாதவர் போல. "அக்கா, முழுசா சாப்பிட்டிருச்சு!"

இதற்கு ஏன் இவ்வளவு கூச்சல் என்று கேட்பவர்களுக்கு, அதற்கு முந்தைய மூன்று மாதக் கதையைச் சொல்லவேண்டும். தாய் ஆக்டோபஸ் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சாப்பிடாமல் தூங்காமல் காவல் காத்து, குஞ்சு பொரிந்ததும் செத்துப்போகும். பொரிந்த குஞ்சுகள் முதல் ஒரு மாதம் தரையைத் தொடாமல் நீரில் மிதந்தபடியே வேட்டையாடவேண்டும். அந்த ஒரு மாதத்தைத் தாண்ட வைப்பதுதான் பெரும்பாடு. மற்ற மீன்குஞ்சுகளுக்கெல்லாம் கொடுப்பதுபோல இவற்றுக்கும் ஆர்ட்டீமியா என்ற பொடி இறாலைத்தான் கொடுத்துப் பார்த்தார்கள். குஞ்சுகள் பாய்ந்து பிடிக்கும், ஒரு நொடி வைத்திருக்கும், விட்டுவிடும். தின்றவையும் நாளாக நாளாக இளைத்தன. முதல் தொகுதி ஒன்பதாம் நாளில் முடிந்தது. இரண்டாவது பதினொன்றில். மூன்றாவது பன்னிரண்டில்; கிண்ணத்தில் இருந்த மூன்றும் அதன் மிச்சம்.

"அந்த இறால்ல மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய கொழுப்பு போதலை," என்பார் பிரசாந்தி.

"பசியாறின மாதிரி இருக்கும், உடம்புல ஒட்டாது," என்பார் உம்மு சல்மா.

இருவரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்.

குஞ்சுகள் தீனியைப் பிடித்துப் பிடித்து விடுகின்றன என்பதை முதலில் கண்டுபிடித்ததே உம்மு சல்மாதான். அந்தக் கண் சும்மா வந்த கண் அல்ல. இருபத்து மூன்று வயதில் உட்லண்ட்ஸில் ஒரு கணினிச் சில்லுத் தொழிற்சாலையில் சேர்ந்து, இருபத்து நான்கு வருடம் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் அவர். முடியைவிட மெல்லிய கோட்டில் ஒரு கீறல் இருந்தால் பிடித்துவிடுவார். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனபோது, நாற்பத்தேழு வயதில் வேலை போயிற்று. பலரும் பாதுகாவலர் வேலைக்கும் பள்ளி உணவகத்துக்கும் போனார்கள். மீன்வளர்ப்புக்கு ஆள் எடுக்கிறார்கள், ஆறு மாதப் பயிற்சி என்று சமூக மன்றத்தில் ஒரு தாளைப் பார்த்து இவர் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். "மீனுக்கு ஆயாவா?" என்று கணவர் சிரித்தார். முதல் நாள் நுண்ணோக்கியில் ஒரு துளித் தண்ணீரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய உம்மு சல்மா, இரவுச் சாப்பாடு முடியும் வரைக்கும் பேச்சை நிறுத்தவில்லை. இருபத்து நான்கு வருடம் அசையாத பொருளையே பார்த்த கண்ணுக்கு, முதல்தடவையாக எல்லாம் அசைந்தது!

இப்போது நான்காவது தொகுதி மட்டும் மிச்சம். ஆறாம் எண் தொட்டியில் கடைசித் தாய் முட்டைகளை அணைத்துக்கொண்டிருந்தது. ஒன்பது நாளில் பொரிந்துவிடும். இதுவும் போனால் அறையைக் கொடுவா மீனுக்குக் கொடுத்துவிடுவதாக இயக்குநர் கோ சொல்லியிருந்தார்.

"நண்டுக்குஞ்சு வேணும்னா சினை நண்டு வேணும். சுத்தமா, நம்ம தொட்டியிலேயே பொரிக்கணும்," என்றார் பிரசாந்தி. "எங்க போய் வாங்குறது?"

"இதுக்கு ஏன் யோசிக்கிறீங்க? தேக்கா இருக்கு."

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தேக்கா சந்தையின் ஈரத் தரையில் உம்மு சல்மா ஒவ்வொரு மீன்கடையாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் நண்டு சமைப்பதே இல்லை. கணவர் குடும்பத்தில் அது வழக்கமில்லை. ஆகவே பேரம் பேசவும் தெரியவில்லை. நான்காவது கடை முத்துசாமியுடையது. அறுபதைத் தாண்டியவர், நாற்பது வருடமாக அங்கே மீன் வெட்டுகிறவர்.

"சினை நண்டு இருக்கா அண்ணே? உசுரோட வேணும்."

"இருக்கே. இந்தா பாரும்மா, முட்டை ஆரஞ்சு கலர்ல, கெட்டியா. மசாலா போட்டுப் பிரட்டினா அவ்வளவுதான்."

"ஆரஞ்சு வேணாம். முட்டை கறுப்பா இருக்கிறது இருந்தா குடுங்க."

"கறுப்பா? அது யாரும் வாங்க மாட்டாங்கம்மா. கசக்கும். நானே ஒதுக்கிப் போட்டுருவேன்."

"அதைத்தான் தேடி வந்தேன்."

முத்துசாமி கத்தியைக் கீழே வைத்தார். "வீட்டுல யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா? நாட்டு மருந்தா?"

"மருந்து இல்லண்ணே. குஞ்சுக்குச் சாப்பாடு. பேய்க்கணவாய்க் குஞ்சு."

அவர் தன் கடைப் பலகையில் பனிக்கட்டிமேல் சரிந்து கிடந்த ஆக்டோபஸ்களைத் திரும்பிப் பார்த்தார். "இதுக்கா? இதுக்குக் குஞ்சு இருக்கா?"

உம்மு சல்மா நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னார். நண்டு முட்டை இட்ட புதிதில் ஆரஞ்சு. பிறகு பழுப்பு. உள்ளே குஞ்சின் கண் முளைத்ததும் கறுப்பு. கறுத்த முட்டை ஓரிரு நாளில் பொரிந்துவிடும். முத்துசாமி கேட்டுக்கொண்டே வந்தார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் கேட்டார்கள். கடைசியில் அவர் மேசைக்கு அடியிலிருந்து ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு நீலக்கால் நண்டை எடுத்து வைத்தார். வயிற்றில் கறுப்புப் பஞ்சுபோல முட்டைத் திரள்.

"எடுத்துக்கிட்டுப் போ. வாரம் மூணு நாள் வா, எடுத்து வைக்கிறேன்."

மூடியிட்ட பிளாஸ்டிக் பெட்டியில் கடல்நீர், அதில் நண்டு, பக்கத்தில் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப். எல்லாவற்றையும் ஒரு பைக்குள் வைத்து லிட்டில் இந்தியா ரயில் நிலையத்துக்குள் இறங்கினார். பை 'ஜிர்ர்ர்' என்றது. நிலைய ஊழியர் ஒருவர் கைகாட்டி நிறுத்தினார்.

"ஆன்ட்டி, உள்ள என்ன சத்தம்?"

"நண்டு."

"நண்டு இப்படிச் சத்தம் போடுமா?"

"அதுக்கு மூச்சு விட பம்ப் வச்சிருக்கேன் தம்பி."

திறந்து காட்டினார். கறுத்த வயிற்றோடு நண்டு இரண்டு கொடுக்கையும் தூக்கியது. ஊழியர் ஓரடி பின்வாங்கிச் சிரித்துவிட்டார். "இவ்வளவு அக்கறையா கறிக்கு வாங்கிட்டுப் போறவங்களை நான் பார்த்ததே இல்ல. போங்க, போங்க."

நியூட்டனில் மாறி வடக்கே போகும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. ஈசூன் தாண்டும்போது, அவர் வீடு இருக்கும் புளோக்கை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, சும்மா ஒருதடவை மூடியைத் தூக்கினார். தண்ணீர் கலங்கியிருந்தது. வெயில் கீற்றில் தூசி பறப்பதுபோல் ஏதோ பறந்தது. ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் கைப்பேசியை எடுத்துப் பிரசாந்தியை அழைத்தார்.

ரயிலிலேயே பொரிந்துகொண்டிருந்தது!

"பிரசாந்தி, வந்துருச்சு! எல்லாம் வந்துருச்சு, ஆயிரக்கணக்கா! இன்னும் அஞ்சு ஸ்டேஷன் இருக்கு. லாரியை அனுப்புங்க. இல்ல, நீங்களே வாங்க!"

பக்கத்தில் இருந்த வயதான சீன மாது எட்டிப் பார்த்து "வாஹ்!" என்று வியந்தார். எதிரே இருந்தவர் கைப்பேசியை வைத்துவிட்டுக் குனிந்தார். மார்சிலிங் வருவதற்குள் அந்தப் பெட்டிக்குள் பாதி ரயில்பெட்டி தலைநீட்டிவிட்டது. கிராஞ்சி நிலையத்துக்கு வெளியே பிரசாந்தி பண்ணை லாரியின் கதவைத் திறந்தபடி நின்றிருந்தார். இருபது நிமிடத்தில் நண்டுக்குஞ்சுகள் சுத்தமான பெரிய தொட்டியில் நீந்தின.

அது ஒத்திகை. ஆனால் வழி தெரிந்துவிட்டது. ஆக்டோபஸ் முட்டைகள் பொரிந்த காலையில், ஆயிரத்து நானூறு குஞ்சுகளுக்கும் நண்டுக்குஞ்சு தயாராக இருந்தது. கூடவே, மீன் எண்ணெய் ஊட்டிக் கொஞ்சம் பெரிதாக வளர்த்த ஆர்ட்டீமியாவும். தொட்டிச் சுவரைக் கறுப்புத் துணியால் மூடினார்கள், குஞ்சுகள் சுவரில் முட்டிக்கொள்ளாமலிருக்க. உம்மு சல்மா நாளுக்கு ஐந்துமுறை தீனி போட்டார். நண்டுக்குஞ்சு விழுந்ததும் ஆக்டோபஸ் குஞ்சுகள் ஒரு நொடி அப்படியே நிற்கும், கால்களைக் கூம்பாகக் குவிக்கும், பிறகு பின்பக்கமாக நீர் பீய்ச்சிக்கொண்டு அம்புபோலப் பாயும். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் அவர் மூச்சை இழுத்தார்.

எட்டாம் நாள், ஒன்பதாம் நாள், பத்தாம் நாள். செத்தவையும் இருந்தன. நெளிகுழாயால் உறிஞ்சி எடுத்து எண்ணி எழுதினார். ஆனால் இருப்பவை பருத்தன. பன்னிரண்டாம் நாள் இருவரும் மாறி மாறித் தொட்டியை எட்டிப் பார்த்தார்கள். பதின்மூன்றாம் நாள் காலை உம்மு சல்மா அறைக்குள் நுழைந்து, விளக்கைப் போட்டு, தொட்டிக்குமேல் குனிந்தார். அறுநூறுக்குக் குறையாத புள்ளிகள் மிதந்தன. கதவருகே நின்ற பிரசாந்தியைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினார். இருவரும் கைகோத்துக்கொண்டு அந்த ஈரத் தரையில் குதித்ததை, ஜன்னல் வழியாகப் பார்த்த தொழிலாளிகள் நெடுநாள் சொல்லிச் சிரித்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவுதான் இடி விழுந்தது. சனிக்கிழமை வாங்கி வைத்த நண்டு, முட்டைகளைப் பொரிக்காமலே உதிர்த்துவிட்டது. இருந்த நண்டுக்குஞ்சு திங்கள் மதியம் வரைதான் வரும். திங்களன்று முத்துசாமியின் கடை கிடையாது. விடிந்ததும் வேறு இரண்டு சந்தைக்குப் போனார். பனியில் கிடந்த செத்த நண்டுகள்தான் கிடைத்தன. வேறு வழியில்லாமல் முத்துசாமிக்கே போன் போட்டார்.

"அண்ணே, லீவு நாள்ல தொந்தரவு பண்றேன். மத்தியானத்துக்குமேல குஞ்சுக்குச் சாப்பாடு இல்ல."

"எத்தனை நாளாச்சு அதுக்கு?"

"பதினேழு."

"பதினேழு நாள் வளர்த்துட்டுப் பட்டினி போடுறதா? இரு. எனக்கு நண்டு போடுற ஆளு சாங்கியில கூண்டு வச்சிருக்கான். கேக்குறேன்."

பதினொன்றரை மணிக்குப் பண்ணை வாசலில் ஒரு டாக்சி நின்றது. விடுமுறைக்கு வெளுத்த சட்டை போட்டிருந்த முத்துசாமி, இரண்டு கையிலும் இரண்டு வாளியோடு இறங்கினார். மூன்று நண்டு, மூன்றும் கறுப்பு.

"குடுத்துட்டுப் போயிடலாம்னு நெனச்சேன். ஆனா பார்க்காம போக மனசு வரலை. காட்டுவியாம்மா?"

காலணி மாற்றி, கை கழுவி, அவரை உள்ளே கூட்டிப் போனார்கள். உம்மு சல்மா ஒரு குஞ்சைக் கிண்ணத்தில் எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். முத்துசாமிக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணை எங்கே வைக்கவேண்டும் என்று உம்மு சல்மா சொல்லிக்கொடுத்தார்.

"அட!" என்றார் முத்துசாமி. "அடடா! என்னைப் பார்க்குதும்மா! கண்ணு பாரு, மனுஷன் மாதிரி! கலர் மாறுது, இந்தா, செவப்பாயிருச்சு!" நாற்காலியிலிருந்து எழ மறுத்தார். "நாப்பது வருஷமா வெட்டிக்கிட்டே இருக்கேன். இது இப்படி ஆரம்பிக்குதுன்னு ஒருத்தனும் சொல்லலையே."

அன்றிலிருந்து நண்டுக்குத் தட்டுப்பாடு வரவில்லை.

வீட்டில் இதைத் தவிர வேறு பேச்சில்லை. பலதுறைக் கல்லூரியில் படிக்கும் மகள் இன்ஷா ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்: "உம்மா, இவ்வளவு கஷ்டப்பட்டு வளர்த்து, கடைசியில ரெஸ்டாரண்ட்டுக்குத்தானே போகும்?"

உம்மு சல்மாவின் கை தட்டில் நின்றது. "போகும்போல," என்றார். "கடல்ல பிடிக்கிறது குறையும்னு சொல்றாங்க. எனக்கு அது சரியான்னு தெரியலை இன்ஷா. இப்போதைக்கு அது சாகாம இருக்கணும், அவ்வளவுதான்."

இருபத்தைந்தாம் நாள் தொண்ணூறு குஞ்சுகள் மிச்சமிருந்தன. கால்கள் நீண்டன. ஒரு காலுக்குப் பதினைந்து உறிஞ்சிகளுக்குமேல் எண்ணினார். முப்பதாம் நாளிலிருந்து சில குஞ்சுகள் அடிக்கடி கீழே இறங்கித் தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மேலே ஓடின. உம்மு சல்மா நகத்தளவுச் சிப்பிகளைப் பொறுக்கி, கொதிநீரில் கழுவி, தொட்டியின் அடியில் பரப்பினார்.

முப்பத்து நான்காம் நாள், காலைத் தீனி நேரம். நண்டுக்குஞ்சு ஊற்றியும் ஒன்று மட்டும் மேலே வரவில்லை. அடியில் ஒரு சிப்பிமேல் உட்கார்ந்திருந்தது. செத்துவிட்டது என்று நினைத்து நெளிகுழாயை நீட்டினார். குழாய் நிழல் பட்டதும் அது எழுந்தது. நீந்தவில்லை. ஒரு காலை முன்னால் வைத்தது, இன்னொன்றை வைத்தது, சிப்பியிலிருந்து இறங்கி அடுத்த சிப்பிக்குள் புகுந்துகொண்டது.

"நடக்குது!" உம்மு சல்மா கத்தினார். "பிரசாந்தி, இது நடக்குது!"

பிரசாந்தி தரையில் மண்டியிட்டு, தொட்டிக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தார். கன்னத்தில் கண்ணீர் ஓடியதைத் துடைக்கவில்லை. "தேதி எழுதுங்க அக்கா. நேரம் எழுதுங்க. கண்டது யாருன்னு உங்க பேரை எழுதுங்க."

ஒரு வாரத்தில் பதினேழு குஞ்சுகள் தரையில் இறங்கின. ஆயிரத்து நானூறில் பதினேழு. வியாபாரக் கணக்குக்கு அது ஒன்றுமில்லை என்று இயக்குநர் கோவே சொன்னார். சொல்லிவிட்டுத் தொட்டிக்குள் சுண்டுவிரலை விட்டார். சிப்பிக்குள்ளிருந்து ஒரு கால் நீண்டு வந்து விரலைத் தொட்டது. இரண்டாவது வந்தது. உறிஞ்சிகள் ஒட்டிக்கொண்டன. திரு கோ விரலை எடுக்கவில்லை. வெகுநேரம் குனிந்தே நின்றார். அறை இன்னும் ஒரு வருடத்துக்கு உங்களுக்குத்தான் என்று போகும்போது சொன்னார். குஞ்சுத் தீனிப் பிரிவுக்கு உம்மு சல்மா மேற்பார்வையாளர் ஆனது அதற்கடுத்த மாதம்.

இப்போது குஞ்சுகளுக்கு நறுக்கிய இறால் போடுகிறார்கள். ஒன்றையொன்று கடித்துவிடாமல் தனித்தனி வளைகள் வைத்திருக்கிறார்கள். போன வாரம் ஒரு காலையில் எண்ணியபோது பதினாறுதான் இருந்தது. சிப்பிகளையெல்லாம் புரட்டினார்கள். வடிகாலைத் திறந்து பார்த்தார்கள். பிரசாந்தி முகம் வெளுத்து நின்றபோது, உம்மு சல்மா தற்செயலாகத் தொட்டியின் வெளிப்புறத்தைப் பார்த்தார். காய்ந்த சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கட்டைவிரல் நகமளவு உருவம் ஒன்று அவசரமே இல்லாமல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

உள்ளங்கையை நனைத்துக்கொண்டு அதை ஏந்தினார். அது விரலுக்கு விரல் தாவி, மணிக்கட்டுவரை ஏறி, கோபத்தில் செக்கச்செவேலென்று ஆகி, மிச்சமிருந்த தண்ணீரை அவர் மூக்கிலேயே பீய்ச்சியது.

"எங்க போறீங்க வாப்பா, கடல் அந்தப் பக்கம்," என்று சிரித்துக்கொண்டே அதைத் தொட்டிக்குள் விட்டார். பதினேழு. மதியச் சாப்பாட்டுக்குக்கூட யாரும் போகவில்லை. எல்லாத் தொட்டிகளுக்கும் வலைமூடி கட்டி முடித்துவிட்டுத்தான் கை கழுவினார்கள்.